மூன்றாவது எச்சரிக்கை

மனைவியின் கடைசிப் பரீட்சைக்காக அவன் கிடங்கில் லீவு போட்டிருந்தான். "பொண்டாட்டி பரீட்சைக்கு லீவு போடுற புருஷன இப்பத்தான்யா பாக்குறேன்" என்று கையெழுத்துப் போடும்போதே சூப்பர்வைசர் கிண்டலடித்தார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தான்.

இப்போது, பல்கலைக்கழகக் குடியிருப்பில் இருந்த அவர்கள் வீட்டில், மேஜைக்கு அடியில் அவளுடைய வெறும் பாதத்தின் மேல் பூட்ஸ் காலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்கிக்கொண்டிருந்தான்.

அவள் முகம் அசையவில்லை. லேப்டாப் கேமரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்க்காத பக்கமாகச் சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

இந்த வசதியை அவனுக்குச் சொன்னதே அவள்தான். போன வாரம் தட்டுக் கழுவிக்கொண்டே, அவன் கேட்காமலே சொன்னாள். "மூஞ்சி திரும்பினாலும் எச்சரிக்கை, உதடு அசைஞ்சாலும் எச்சரிக்கை. மூணு வந்தா பரீட்சை கேன்சல். நல்லவேளை, சத்தமெல்லாம் எடுக்காதுங்க."

அன்று முதல் அவனுக்கு இதே நினைப்புதான். இந்த ஒரு பேப்பர் முடிந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம், கையோடு வேலை, தனிச் சம்பளம். படிப்பு விசாவில் வந்தவள் அவள், ஒட்டிக்கொண்டு வந்தவன் அவன். பட்டம் கைக்கு வந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தான்.

"எழுதுடி. பெரிய படிப்பாளியாச்சே" என்றான். சார்ஜர் ஒயரை இரண்டாக மடித்து அவள் முழங்காலில் விளாசினான்.

அவள் தலை வெட்டித் திரும்பியது. திரையில் சிவப்பாக ஒரு கட்டம் விழுந்தது. முதல் எச்சரிக்கை.

"இன்னும் ரெண்டு" என்று விரலைக் காட்டினான். மறுபடி விளாசினான். பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே பார்த்தாள். கால்சட்டைத் துணியில் மெல்ல ரத்தம் பூத்தது. மாவுக்கட்டுப் போட்ட இடது கை மேஜை மேல் மரக்கட்டை மாதிரி கிடந்தது.

பிறகு, அவன் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். வாயைத் திறந்து பேசினாள்.

"போன மாசம் என் கைய எதுக்குங்க உடைச்சீங்க?"

சிவப்புக் கட்டம் மறுபடி விழுந்தது. இரண்டாவது எச்சரிக்கை. ஒரு எச்சரிக்கையைப் போய் இதற்கா செலவழிக்கிறாள் என்று அவனுக்குச் சிரிப்பாக வந்தது.

"எதுக்கா? எனக்குத் தெரியாம வேலைக்கு மனு போட்டேல்ல, அதுக்கு. கதவிடுக்குல வச்சு நசுக்கும்போதே சொன்னேனே, மறந்துருச்சா?" கேமராவில் படாத தூரத்திலேயே குனிந்து சொன்னான். "ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து துருவித் துருவிக் கேட்டாங்களே உங்க டிபார்ட்மெண்ட் மேடம், அவங்ககிட்ட பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு சொன்னியே. அதுதான் புத்திசாலித்தனம். வாயத் தொறந்திருந்தா அடுத்து கழுத்துதான்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

கழுத்தை நீட்டித் திரையின் ஓரத்தைப் பார்த்தான். 'கேள்வி 1' என்று பெரிதாக இருந்தது. கீழே விடைக்கான இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பரீட்சை தொடங்கி இருபது நிமிஷமாகியும் அம்மணி முதல் கேள்வியையே தாண்டவில்லை. அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆனாலும் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அலமாரியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் செருகினான். சூடேறும்வரை அவள் பாதத்தை மிதித்தபடியே காத்திருந்தான்.

"ஒரே ஒரு தடவ கத்திரு. மூணாவதும் வந்துரும். நானும் நிறுத்திக்கிறேன்."

அவள் கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியை அவள் தொடைப் பக்கம் கொண்டுபோனான். துணி கருகும் வாடை எழுந்தது. சூடு தோலைத் தொட்டதும் நாற்காலியோடு பின்னால் துள்ளினாள். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

திரை முழுக்கச் சிவந்தது. மூன்றாவது எச்சரிக்கை. பரீட்சை நிறுத்தப்பட்டது.

"போச்சு" என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. "நாலு வருஷப் படிப்பு போச்சு. இனிமே வீட்டுல கெட."

அப்போது கதவு அதிர்ந்தது. "கேம்பஸ் செக்யூரிட்டி. கதவத் திறங்க."

அவன் மிரண்டுபோய் அவளைப் பார்த்தான். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மிதிபட்ட காலை ஊன்ற முடியாமல் ஊன்றினாள். மாவுக்கட்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கடி போற? உக்காரு" என்று கிசுகிசுத்தான்.

"பரீட்சைய நேத்தே எழுதிட்டேங்க, நீங்க வேலைக்குப் போனப்புறம்" என்றாள். "இது பழகிப் பாக்குறதுக்குக் குடுக்குற மாதிரிப் பரீட்சை. இதுல ஒரே கேள்விதான்."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு லேப்டாப்பைப் பார்த்தான்.

லேப்டாப்பிலிருந்து, ஆஸ்பத்திரியில் கேட்ட அதே மேடத்தின் குரல் வந்தது.

"எல்லாம் கேட்டுச்சும்மா, நீ போய்க் கதவத் திற."