நகராத ராணி

"என்ன சலூன்காரம்மா, தூங்கிட்டீங்களா? உங்க கடிகாரம் ஓடுது!"

ஹமூங்கா சிரித்தான். சோமா நகரத்து செஸ் சாம்பியன். எதிரே நம்விங்கா, சந்தையில் முடி பின்னும் கடை வைத்திருப்பவள். போன வருஷம்தான் ஆடவே கற்றுக்கொண்டாள். முதல் சுற்று, தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சிரிப்பெல்லாம் உதட்டோடு சரி. அலட்சியமாக ஆடி, பெரிய தப்பு செய்திருந்தான். அவள் ராணியை ஒரு கட்டம் தள்ளினால் போதும், செக்மேட்!

ராணியை நோக்கிப் போன அவள் கை பாதியில் நின்றிருந்தது. பார்வை பலகையிலேயே இல்லை. அவனுக்குப் பின்னால், தரையில் எங்கோ.

'கவனிக்கல. அப்படியே இரு தாயே' என்று வேண்டிக்கொண்டான்.

அப்போதுதான் உறைத்தது. அறையில் சத்தமே இல்லை. பக்கத்து மேஜைகள் காலி. வாசலுக்கு வெளியே அத்தனை பேரும், நடுவர் உட்பட, அவனையே பார்த்து நின்றார்கள். பிணத்தைப் பார்ப்பதுபோல.

"என்னாச்சு எல்லாருக்கும்?"

"திரும்பாதீங்க தம்பி." அவள் குரல் மூச்சுக்காற்றாக வந்தது. "என்னையே பாருங்க. யோசிக்கிறேன்ல?"

"பயமுறுத்தி ஜெயிக்கப் பாக்குறீங்களா?"

அவள் நெற்றி வியர்வை மூக்கில் வழிந்து சொட்டியது. துடைக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் காய்ந்த இலை உரசுவதுபோல ஒரு சத்தம்.

அவள் நேரம் தீர்ந்தது.

"அவ்வளவுதான், தோத்துட்டீங்க!" என்று எழப்போனான். சட்டென்று அவன் கையை மேஜையோடு சேர்த்து அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம். நான் எங்க தப்பு பண்ணேன்? சொல்லிக் குடுங்களேன்."

சாம்பியனாயிற்றே, சொல்ல ஆரம்பித்தான். பாதியில் அவள் பிடி தளர்ந்தது.

"இப்ப எழுந்திருங்க."

திரும்பினான். பின்கதவுக்கு வெளியே, கொடிய விஷமுள்ள சாம்பல் நிற மாம்பா பாம்பு ஒன்று புல்லுக்குள் வாலை இழுத்துக்கொண்டிருந்தது.

"உன் நாற்காலிக் காலை ஒட்டியே கிடந்துச்சுய்யா!" வாசலிலிருந்து நடுவர் கத்தினார்.

ஹமூங்கா பலகையைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

"அம்மா... ராணியை நகர்த்தியிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."

"அது அப்பவே தெரியும் தம்பி." பையை எடுத்துக்கொண்டாள். "ஆனா, தோத்தா நீங்க வழக்கம்போல நாற்காலியைப் பின்னால எட்டி உதைச்சுட்டுத்தானே எழுந்திருப்பீங்க?"