பத்தாவது முடிச்சு

திருமுக்கூடல் போகும் வழியிலுள்ள கல்குவாரிப் பள்ளத்தில் மழைநீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. கனிமவளத் துறை அதிகாரி தேவிப்ரியா விளிம்பில் நிற்கிறாள். “அடியில மண்ணு கொட்டி நெரப்பிட்டோம் மேடம். பத்து மீட்டர்லயே தரை தட்டும்,” என்கிறான் குவாரி மேலாளர் பாலாஜி. பள்ளத்தை நிரப்பியாயிற்று என்று அவள் கையெழுத்திட்டால்தான் நிறுவனம் அரசிடம் கட்டிய வைப்புத்தொகை திரும்பும். துறை ஊழியர் பழனி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குகிறார். பத்தாவது முடிச்சு சத்தமில்லாமல் நனைகிறது. இருபதாவதும் அதன் பின்னாலேயே போகிறது. எதிர்க்கரையில் துணி துவைக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கயிற்றையே பார்க்கிறார்கள். “இன்னும் எறங்கிக்கினே இருக்குதுமா,” என்கிறார் பழனி. அவர் கையில் ஒரு முழம்தான் மிச்சம். தேவிப்ரியாவின் செருப்புக்கடியில் ஜல்லி லேசாகச் சரிகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். பாலாஜி எப்போதோ விளிம்பைவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நிற்கிறான்.