வால்வு திறக்கும் கை

காலையில் எடுத்த மூன்று பாட்டில் கடல்நீரிலும் இரும்பு இருந்தது.

இருக்கக் கூடாது. இரும்புச்சத்து இல்லாததால்தான் அந்தக் கடலில் பாசி வளரவில்லை. மறுநாள் கப்பலிலிருந்து இரும்புக் கரைசலை ஊற்றி, பாசி துளிர்க்கிறதா என்று பார்க்க ஏற்பாடு. அதற்கு முன்னால், தண்ணீரில் இரும்பு இல்லை என்று காட்டியாக வேண்டும்.

தலைமை விஞ்ஞானி அம்மா எல்லோரையும் கூட்டினார். துருக் கையோடு பாட்டிலைத் தொட்டது யார் என்று கேட்டார்.

ஆராய்ச்சி மாணவி முன்னால் வந்தாள். "நான்தான் மேடம். கையுறை மாத்தாம தொட்டுட்டேன்."

"மூணையுமா?"

"ஆமா மேடம்."

நான்கு வருடம் இதற்காகவே உழைத்தவள். கரைசல் தொட்டியின் வால்வை அவள்தான் திறப்பதாக இருந்தது. அம்மா அவள் பெயரை அடித்துவிட்டார்.

பாட்டில்களைக் கடலில் இறக்கி ஏற்றும் வின்ச்காரருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு பாட்டில்கூடக் கெட்டதில்லை என்பது அவர் பெருமை. இவ்வளவு படித்தும் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று சாப்பாட்டு அறையே கேட்கத் திட்டித் தீர்த்தார்.

அவள் பாதித் தட்டோடு எழுந்து போனதும் அவருக்கும் சோறு இறங்கவில்லை. நேராக அம்மாவின் அறைக்குப் போனார்.

"சின்னப் பொண்ணு மேடம். இந்தத் தடவை விட்டுடுங்க. நான் கூட இருந்து பார்த்துக்கறேன்."

"நீங்க இருந்தும் மூணு பாட்டில் போச்சே அண்ணே."

"அதான் எனக்கும் புரியல. மேல ஏத்தினதும் பாட்டில் வாயை நல்லாத் துடைச்சுத்தான் அவகிட்ட கொடுத்தேன்."

தோளில் கிடந்த துணியை எடுத்துக் காட்டினார். வின்ச் கம்பியைத் துடைத்துத் துடைத்து அது செங்கல் நிறத்தில் இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "நீங்க துடைச்சதை அவ பார்த்தாளா?"

"முதல் ரெண்டுக்கும் அந்தப் பக்கம் திரும்பிக் கையுறை மாத்திக்கிட்டிருந்தா. மூணாவதுக்குப் பார்த்தா மேடம். என்னவோ சொல்ல வாயெடுத்தா, அப்புறம் சிரிச்சிட்டு வாங்கிக்கிட்டா."

சிரிப்பை அடக்க அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"சரிண்ணே. வால்வை அவளே திறக்கட்டும். சாயங்காலம் மறுபடி தண்ணி எடுக்கலாம். நீங்க வின்ச்சை விட்டு நகராம அவளைக் கண்காணிக்கணும். பாட்டிலை அவளே எடுத்துக்கட்டும், அப்பதான் பழகுவா."

அவர் மேல்தளத்துக்கு ஓடினார்.

"பாப்பா, உனக்காகப் பேசி வாங்கிட்டேன். இனிமேலாவது சுத்தமா இரு."

"சரி மாமா," என்றாள் அவள்.