பின்பெடல்

"போல்ட்டை டைட் வச்சீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ராஜபாளையத்தில் பெரிய பைக் ரிப்பேர் என்றால் சமுத்திரத்தின் பட்டறைதான். நாலு பேர் காத்திருக்கும் நேரத்தில் வாசலில் வந்து நின்று, வண்டியை விட்டு இறங்கக்கூடச் செய்யாமல் ஒருவன் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? சமுத்திரத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"எந்த போல்ட்டு?"

"கியரோட பின்பெடல் போல்ட்டு. காலையிலதான சர்வீஸ் முடிஞ்சதுன்னு குடுத்தீங்க. எங்க ஊரு மடவார்வளாகத்துக்கிட்ட போகையில குதிங்காலால மிதிக்கேன், கியர் மாறல. குனிஞ்சு பார்த்தா பெடலையே காணோம். ஒரு மணி நேரமா ரோடு பூரா தேடிட்டு வாரேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பெயர் பிரேம்குமார் என்று பில்லில் எழுதிய ஞாபகம் சமுத்திரத்துக்கு இருந்தது. வண்டியைக் கொண்டுவந்து விட்டது அவனுடைய மச்சான். காலையில் இவன் எடுக்க வந்தபோது கூட்டத்துக்கு நடுவே சாவியை நீட்டியதோடு சரி, சமுத்திரம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினோமா? நினைவில்லை. தப்பு தன் பக்கம் இருக்கும்போதுதான் மனுஷனுக்குக் குரல் ஒரு படி கூடும். சமுத்திரத்துக்கும் கூடியது.

"எல்லாம் டைட் வச்சுத்தான் குடுத்தேன். ஓட்டத் தெரியாம மிதிச்சா கழலத்தான் செய்யும். விழுறதுக்கு முன்னாடி அம்புட்டு தூரம் லொடலொடன்னு ஆடியிருக்கும். கால்ல தெரியாதா?"

"தெரியல."

"நல்லாத்தான் ஓட்டுறீங்க." சமுத்திரம் மூக்கை உறிஞ்சினார். "என்ன இது, கிளட்ச் பிளேட் கருகுற வாடை? எந்த கியர்ல வந்தீங்க?"

"செகண்டுல."

"ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து செகண்டுலயேவா? வண்டி என்னத்துக்கு ஆகும்? பின்பெடல் இல்லாட்டி முன்பெடலை மேல தூக்கிக் கியரைக் கூட்ட வேண்டியதுதான?"

பிரேம்குமார் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே பேசினான்.

"நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு ஹம்பிக்குக் கெளம்புறோம். ஒம்பது வண்டி. மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் வெளியூர் போறேன். இன்னைக்குள்ள எனக்குப் பின்பெடல் வேணும்."

"அது கம்பெனி வண்டியோட வாரது இல்ல. கோயம்புத்தூர்ல சொல்லி வாங்கணும். நாலு நாளாகும்."

"தெரியும். நாந்தான் வாங்கி மாட்டினேன். அது வாரவரைக்கும் ஒரு பட்டையை வெட்டி வெல்டு வச்சுக் குடுங்க. நீங்க தொலைச்சதுக்கு நீங்கதான் செய்யணும்."

தொலைத்தது நீங்கள் என்று நாலு பேர் முன்னால் சொன்னதும் சமுத்திரத்துக்கு மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

"ஷோக்குக்கு மாட்டுன சாமானுக்கு எங்க பொழப்பை விட்டுட்டு வெல்டு வைக்கணுமாக்கும். அது இல்லாம ஊருல அத்தனை பேரும் ஓட்டத்தான் செய்றான். உங்க வண்டி மட்டும் ஓடாதோ?"

"எனக்கு ஓடாது."

"ஏன்? ஷூ அழுக்காயிருமோ?"

ஸ்கூட்டிக்கு பிரேக் மாற்ற வந்து காத்திருந்த மாரீஸ்வரி, மில் ஷிப்டுக்கு நேரமாகியும் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "செத்த செஞ்சு குடுத்திருங்களேன் அண்ணாச்சி. பாவம், தூரமாப் போறாகல்ல" என்றாள்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று. நியாயம் சொல்ல இவள் யார்?

"நீ சும்மா இரும்மா. இவருக்கு ஓட்டத் தெரியாததுக்கு நான் வெல்டு வைக்கணுமா? திங்கக்கெழமை வரச் சொல்லு, பார்ப்போம்."

"திங்கக்கெழமை எனக்கு எதுக்கு?" பிரேம்குமாரும் கத்திவிட்டான். "செஞ்ச தப்பை ஒத்துக்கிட மனசு இல்ல. இதுல எனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கீங்களாக்கும்?"

"கத்துத்தான் குடுக்கணும். கத்துக்கோங்க."

சமுத்திரம் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசினார். வண்டியின் இடது பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். மாரீஸ்வரி மட்டுமில்லை, பட்டறையில் இருந்த எல்லோருமே எட்டிப் பார்த்தார்கள். நல்லது, பார்க்கட்டும். இவன் எப்பேர்ப்பட்ட ரைடர் என்று இன்றைக்கு ஊருக்குத் தெரியட்டும்.

"இந்தா, இதுதான் முன்பெடல். இதுக்கு அடியில பாதத்தை விடணும். விட்டு, மேல ஒரு தூக்குத் தூக்கணும். இம்புட்டுத்தான். பச்சப்புள்ளகூடச் செய்யும். எங்க, தூக்குங்க பார்ப்போம்."

பிரேம்குமார் அசையவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. எந்திரிங்க."

"தூக்குங்கன்னு சொல்லுதேன்ல."

"எந்திரிச்சிருங்க."

அடக்கம் கெட்டவன், இவ்வளவு சொல்லியும் காலை ஒரு அங்குலம் நகர்த்துகிறானா என்று சமுத்திரத்துக்கு வெறியே பிடித்துவிட்டது. தானே தூக்கிக் காட்டுவது என்று, ஷூவுக்கு மேலே அவன் கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

பேன்ட் துணிக்குள் சதை எதுவும் அகப்படவில்லை. கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குழாய்தான் கைக்கு அகப்பட்டது.

"இதச் சொல்லாமலே வேலை நடக்குமான்னு பார்த்தேன் அண்ணாச்சி" என்றான் பிரேம்குமார்.