நான்கு நாள் முந்தைய படம்

காலைத் தேநீர் நேரம் பார்த்துத்தான் நெரிடா சண்டையைத் தொடங்கினாள். மலை மேல் வான் ஆய்வகத்தில் இருக்கிற அத்தனை வானியலாளர்களும் அப்போது ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

கையில் நான்கு பக்க விமர்சனம். அவளுடைய ஆய்வுக் கட்டுரையை இதழுக்காகப் படித்த யாரோ கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கீழே பெயர் இல்லை. போடுவது வழக்கமும் இல்லை.

"நீதானே எழுதின, பிரெண்டன்? ஒளிஞ்சு நின்னு அடிக்க உன்ன விட்டா இங்க யாரு இருக்கா?"

பிரெண்டன் லாமிங்டன் கேக்கை மென்று முடித்தான். அந்த நிதானமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து வருட உழைப்பு. ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் வெடிக்கத் தொடங்கி, முழுக்கச் சிதறாமல், மிச்சக் கருவோடு பிழைத்துவிட்டது. அதனால்தான் வெளிச்சம் இவ்வளவு மங்கல் என்று எழுதியிருந்தாள். கட்டுரையின் மேல் அவள் பெயர் ஒன்றுதான். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். தனிப்பெயர் அங்கே எடுபடும். கட்டுரை விழுந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நான்கு பக்கத்தில் ஒரு வரிதான் அவளைச் சுட்டது. பழைய படத்தின் தேதியைப் பாருங்கள்.

வெடிப்பை மட்டும் அளக்க, வெடிக்கும் முன் எடுத்த படத்தைப் புதுப் படத்திலிருந்து கழிப்பார்கள். சுற்றியுள்ள வெளிச்சமெல்லாம் போய்விடும். வெடித்ததன் வெளிச்சம் மிஞ்சும். அந்தப் பழைய படத்தை எடுத்துக் கொடுத்தவன் பிரெண்டன்.

"கண்டுபிடிக்கறதுக்கு நாலு நாள் முந்தின படம். அதுல என்னய்யா குத்தம்?"

"எழுதினது நான் இல்ல. ஆனா அந்த வாரம் முழுக்க மேகம், நெரிடா. வெடிச்சது யார் கண்ணுலயும் படல. ஒரு மணி நேரம் மேகம் விலகினப்ப நான் எடுத்த படம் அது. அப்பவே அது எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு."

மேசையைச் சுற்றி ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று கேக் தட்டின் மேல் அக்கறை வந்துவிட்டது.

நெரிடா கையிலிருந்த பக்கங்களைப் புரட்டி அந்த வரியை மறுபடி படித்தாள். எரிகிற விண்மீனிலிருந்து அதே விண்மீனைக் கழித்திருக்கிறாள். மங்கலாகத்தானே தெரியும்! பாதி வெடிப்பும் இல்லை, பிழைத்த கருவும் இல்லை. ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக அதுவும் சாதாரணமாக வெடித்துத் தொலைந்திருக்கிறது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ கட்டுரைய இதழுக்கு அனுப்பறதுக்கு முந்தின நாளே."

"பாவி! அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

பிரெண்டன் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லத்தான் உன் அறைக்கு வந்தேன். கதவு திறந்திருந்துச்சு. திரையில கட்டுரையோட முதல் பக்கம். உன் பேருக்குக் கீழ இருந்த என் பேர நீ அழிச்சிக்கிட்டிருந்த."