பாதி முட்டி

“பேசாம இந்தக் காலை எடுத்துடச் சொல்லுங்க. ஒத்தக் காலோட நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.”

கார் கதவைத் திறந்த கணவரிடம் இதைச் சொல்லும்போதே மனைவி அழுதுவிட்டாள். இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி வெளியே வைத்துத்தான் அவளால் இறங்க முடிந்தது. அவர் ஒரு கையில் அவளையும் மறு கையில் எக்ஸ்ரே உறையையும் பிடித்துக்கொண்டு, வழியை மறித்து நின்ற ஸ்கூட்டரை முறைத்தார்.

பியூட்டி பார்லர் நடத்துகிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே ஊரார் தலையையெல்லாம் அழகாக்கியவள். முட்டி வலிக்கிறது என்று போனதற்கு, உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, அந்தப் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார் பெரிய டாக்டர். மாற்றினார்கள். தையல் ஆறியது, வலி அசைந்து கொடுக்கவில்லை. பார்லர் பூட்டிக் கிடந்தது.

பொருத்தியது லூசாகியிருக்கும், திறந்து முழு முட்டியையும் மாற்றிவிடலாம் என்று இப்போது அவரே நாள் குறித்துவிட்டார். நாளைக் காலை. கடைசி முயற்சியாகக் கணவர் அவளை வேறொரு டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார்.

உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்ததும் கணவருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அவர்கள் மகளைவிடச் சின்னப் பெண்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி வலி எப்படிம்மா இருந்துச்சு?”

“இப்படியேதான். இதே வலி, இதே எடம். அறுத்துக்கிட்டதுதான் மிச்சம்.”

“பழைய கதையெல்லாம் எதுக்கு டாக்டர்?” என்றார் கணவர். “நாளைக்குப் போலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

மனைவி டாக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “மறுபடி கத்தி வச்சும் வலி போகலன்னா, அப்புறம் எனக்கு என்னம்மா வழி?”

டாக்டர் அவளைப் படுக்கச் சொன்னார். நீட்டியிருந்த காலின் பாதத்தைப் பிடித்து, முழுக் காலையும் மெதுவாக உள்பக்கம் திருப்பினார்.

“ஐயோ, முட்டி” என்று அலறியபடி அவள் முட்டியைப் பொத்திக்கொண்டாள்.

கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஆபரேஷன் பண்ண முட்டிய இப்படியா போட்டு அழுத்துவீங்க?”

“முட்டில நான் கையே வைக்கலியே சார்.”

அவர் பார்த்தார்; டாக்டரின் கை இன்னும் பாதத்தில்தான் இருந்தது. டாக்டர் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். முட்டிக்கு அல்ல, இடுப்புக்கு.

படம் வந்தது. விளக்குப் பலகையில் அதைச் செருகி, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“தேஞ்சு போனது இதும்மா, இடுப்பு மூட்டு. இங்க கெட்டுப்போனா சில பேருக்கு வலி முட்டிலதான் தெரியும். நாளைக்கு அந்த ஆபரேஷன் வேணாம். இடுப்புக்கு வைத்தியம் பார்த்தா நீங்க பழையபடி நிக்கலாம்.”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கணவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் கை மட்டும் தானாக முட்டித் தழும்பின் மேல் போய் நின்றது.

“அப்ப என் முட்டிக்கு என்னம்மா?”

டாக்டர் பலகையிலிருந்து படத்தை உருவினார்.

“மாத்தாம விட்டிருந்தா அது இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும்மா.”