ஒருவரும் அடிக்காத பந்து

மைதானத்து நீள வாங்கின் ஒரு தொங்கலில், ஓரத்தோடு ஓரமாக, என் மகன் கோகுலன் தனியே இருந்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் மறு தொங்கலில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நடுவில் நாலு பேர் தாராளமாக இருக்கக்கூடிய இடம் சும்மா கிடந்தது.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம். அதற்குள் எங்கள் வீட்டு ரெலிபோனில் கோகுலனைக் கேட்டு ஒரு பிள்ளை எடுத்தது கிடையாது. பள்ளிக்கூடம், வீடு, ரிவி. இவ்வளவுதான் அவனுடைய கனடா.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடை. ஊர் முழுக்கப் பேஸ்போல் விசர் பிடித்துத் திரிந்தது. "நீயும் போய் விளையாடு, சிநேகிதம் கிடைக்கும்" என்று நான்தான் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். பந்து எறிகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. அந்தச் சிநேகிதத்தைப் பார்க்கத்தான் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லி, குழு முழுவதற்கும் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கி, ஸ்காபரோ வெயிலில் பஸ் ஏறி வந்தேன்.

வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

அவன் எறிந்துவிட்டு வந்து இருக்கிறான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைப் பெடியன் தண்ணீர்ப் போத்தலை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுடுசட்டியைத் தொட்டவன்போல விலகி ஓடினான். கோச் வானத்தைப் பார்த்துச் சுயிங்கம் சப்பிக்கொண்டு நின்றார்.

பிள்ளையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்! நிறத்தைப் பார்த்தா? பேச்சைப் பார்த்தா? எதுவாக இருந்தாலும் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ரோல்ஸ் பெட்டியைப் புல்லில் வைத்தேன். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனால் ஏசுவதற்கு அது போதும்.

கம்பி வேலியடியில் போய் நின்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பொத்தியது.

கிளடிஸ். எங்கள் கட்டிடத்தில் எங்களுக்கு மேல்மாடி. அவளுடைய மகன் வின்சன்றும் இதே குழுவில்தான் விளையாடுகிறான்.

"மலரக்கா, உங்களைக் கும்பிட்டன், வாய் திறவாதேங்கோ. துவக்கத்திலை இருந்து உவன் ஒருத்தன்தான் எறியிறான், இன்னும் ஒருத்தனாலும் உருப்படியாய் ஒரு அடி அடிக்கேலாமல் கிடக்கு. உவனோடை ஒரு கதை கதைச்சாலும் பட்டுப்போடும் எண்டு உதுகள் பயந்து செத்துக்கொண்டிருக்குதுகள். நாவூறு அக்கா, நாவூறு!"

நான் அவளுடைய கையை விலக்கினேன்.

நாவூறா? வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு படும் என்கிற அதுவா? எல்லாவற்றுக்கும் கெச்சப் ஊற்றித் தின்னும் இந்தச் சனத்துக்குமா நாவூறு?

திரும்பவும் அந்த வாங்கைப் பார்த்தேன். அதே வாங்கு. ஆனால் ஒரு பிள்ளையும் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் கடைக்கண்ணால் அவனைத்தான் பார்த்தார்கள். ஒரு சீனப் பிள்ளை கண்ணை இறுக மூடி விரலைக் கோர்த்துக்கொண்டிருந்தான். கோச் நின்ற இடத்தைவிட்டுக் காலை அசைக்கவில்லை. சாமி வீதி சுற்றும்போது சனம் ஒதுங்கி விடுகிற வழிபோல அந்த வெறும் இடம் கிடந்தது.

என் பிள்ளைக்காக!

கடைசி இன்னிங்ஸ். எங்கள் பிள்ளைகள் அடித்து முடித்தாயிற்று, இரண்டு பக்கமும் இன்னும் ஓட்டம் இல்லை. கோகுலன் எறியப் போனான். களைத்திருந்தான், நாலு பந்து குறி தப்பியது. அப்படித் தப்பினால் எதிராளி அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாமாம். நடந்தான். பிறகு கண்மூடித் திறப்பதற்குள் இரண்டாவதுக்கு ஓடிவிட்டான்.

அடுத்தவனுடைய மட்டையில் பந்து மெல்லப் பட்டு, வின்சன்றின் காலடிக்கு உருண்டு வந்தது. சின்னப் பிள்ளைகூட எடுத்துவிடும். வின்சன்ற் எடுத்தான், எறிந்தான். அது பிடிக்க நின்றவனுடைய தலைக்கு மேலால் பறந்து வேலியில் போய் விழுந்தது.

இரண்டாம் பேஸில் நின்றவன் சுற்றி ஓடி வந்து சேர்ந்தான், அவர்களுக்கு ஒரு ஓட்டம். ஆட்டம் முடிந்தது. தோற்றுப்போனோம்.

கிளடிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிழை அடிக் கணக்கில் சேராதாம். ஒரு அடியும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தானே எறிந்து முடித்து, அப்படியும் தோற்றவர்களைப் பெரிய குழுக்களில்கூட விரல்விட்டு எண்ணலாமாம். கோச் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

வின்சன்ற் மண்ணில் குந்தி இருந்து அழுதான். கோகுலன் அவனிடம் போனான். கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு வந்து, வாங்கில் தனக்குப் பக்கத்தில் இருத்தினான்.

இனி நாவூறு படாமல் காப்பாற்ற என்ன இருக்கிறது? மற்றப் பிள்ளைகள் மடை திறந்ததுபோல ஓடி வந்தார்கள். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்த கதை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். அவனுடைய முதுகில் அடித்தார்கள், தலையைக் கலைத்தார்கள். வாங்கின் மறு தொங்கல் வெறுமையாகிவிட்டது. ரோல்ஸ் பெட்டி கைமாறிப் போனது. உறைப்பில் மூக்கு வடிய வடிய, இன்னுமொன்று கேட்டு வாங்கித் தின்றார்கள்.

தண்ணீர்ப் போத்தல் வைத்த பெடியன் ஒரு பேனை தேடி எடுத்து, எங்கள் வீட்டு ரெலிபோன் இலக்கத்தைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

எங்களை ஏற்றிப்போகக் கோகுலனின் அப்பா காரோடு வந்தார். கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டார்.

"என்னவாம், வெண்டவையோ?"

"தோத்துப்போச்சினம்," என்றேன்.

இலக்கத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.